மடைக்குழி விரால்

கல்லல் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இனாமுல் ஹசனைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அவர் மீன் தேடுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். ஆறாம் வகுப்போடு உளியைப் பிடித்த தச்சன் நான். எழுத்துப் பிழை இருக்கும். இதில் அதுதான் சின்னப் பிழை.

எங்கள் உடையநாச்சிக் கண்மாயில் மீன் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே கிடக்கிறது என்றுதான் தெரியாது. தண்ணீர் செம்மண் கரைத்த நிறம். உள்ளே முழுக்கச் சீமைக்கருவேல். வலை போட்டால் முள் வரும், வலை போகும். வெளியூர்க்காரன் இரண்டு நாள் தூண்டில் போட்டுவிட்டு, "இது கண்மாயா, வெறகுக் கடையா?" என்று வைதுவிட்டுப் போவான்.

பாய் எட்டு வருஷம் சவுதியில் லாரி ஓட்டி, இடுப்பு கெட்டுத் திரும்பியவர். கடையில் குனிந்து நிமிரவே முனகுவார். கரையில் மட்டும் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவார். "மீனுக்கு இருக்குற ஞாபகம் வீட்டு அரிசிக்கு இல்லை" என்று அவர் சம்சாரம் ஆசியா பீவி என்னிடமே சொல்லியிருக்கிறது.

ஐப்பசியில் புதுத் தண்ணீர் வந்தால் அவர் கண்மாய்ப் பக்கமே திரும்பமாட்டார். கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக் காலில் நிற்பார். "புதுத்தண்ணி வந்தா மீனு எதுத்து ஏறும் ஆசாரி. இப்பப் போயி கண்மாய்க்குள்ள தேடுறவன் மடையன்" என்பார். அந்த மடையன் நான்தான். தைக் குளிரில் பத்து மணிவரை கடையை விட்டு அசையமாட்டார். கரைக்கல் வெயிலில் சுட்ட பிறகு வந்து, கல்லை ஒட்டியே போடுவார். பங்குனியில் கருவேல மர நிழல். எல்லா நிழலும் இல்லை, கொக்கு அடைகிற மரத்தின் நிழல். "கொக்குப் பீக்குச் சின்ன மீனு வரும். சின்ன மீனுக்கு விரால் வரும். நம்ம பெரிய மனுசங்க மாதிரிதேன்."

வைகாசியில் மடைக்கு முன்னால் இருக்கும் ஆள் உயரக் குழியில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். போன வருஷம் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்த ஊர்க்கூட்டத்தில் பாய் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் வாய் திறந்து அன்றுதான் பார்த்தேன்.

"மடைக்குழியில ஒரு சோடி விரால் கெடக்கு. அத மட்டும் விட்டுருங்க. மழை விழுந்தா பொரிக்கும். மத்ததெல்லாம் நீங்க அள்ளிக்கங்க."

ஊர்ப் பெரியவரான அம்பலம் நாகநாதன் ஒத்துக்கொண்டார். "பாய் வார்த்தைக்கு விட்டுருவோம். குழியில கைய வச்சவன் ஊருக்குப் பதில் சொல்லணும்."

திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்குக் கண்மாயில் பிடித்த மீனைத்தான் சமைக்க வேண்டும். சந்தையில் வாங்கினால் வருஷம் முழுக்கக் கேலி பேசுவார்கள். என் மகள் கிருத்திகாவுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம். "வாங்க சம்பந்தி, விராலா போட்டுத் தள்ளிருவோம்" என்று போனில் பீற்றியிருந்தேன்.

அம்பலம் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே இறங்கியது. இரண்டு மணி நேரம் சேற்றில் புரண்டும் எனக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலத்தில் நாலு ஜிலேபிக் கெண்டை. சம்பந்தி நவநீதகிருஷ்ணன் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்ல சம்பந்தி. ரசத்துக்கு வாசமா இருக்கும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டது.

ஊர் குளித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நேரம் நான் மடைக்குப் போனேன். தவளைக் குஞ்சைத் தூண்டில் முள்ளில் கோத்து, முருங்கைக் கட்டையில் நானே இழைத்துச் சிவப்பு வார்னிஷ் அடித்த தக்கையைக் கட்டிப் போட்டேன். எல்லாம் பாய் சொல்லிக்கொடுத்தது. முதல் விரால் வந்தது. ஒன்று போதும், எழுந்திருக்கலாம். எழவில்லை. இரண்டாவது கருவேல வேருக்குள் ஓடியது. தூண்டில் நரம்பு அறுந்து தக்கை வேரிலேயே சிக்கிக்கொண்டது. மீனைக் கையை விட்டுப் பிடித்தேன்.

சம்பந்தி விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

விரால் மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். மூன்று நாளாகக் குழியில் ஒன்றும் மேலே வரவில்லை. டீக்கடையில் பாண்டிமுருகன் ஆரம்பித்தான். "நம்மளை விடச் சொல்லிட்டு அவரு தின்னுட்டாரு. விவரமான ஆளுதேன்." அந்த நேரம் பாயும் வந்தார். அம்பலம் கேட்டார். "அங்குட்டு மீனெடுக்க வேற யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க பாய்."

பாய் ஒருதரம் எல்லோரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நான் எடுக்கல" என்றார்.

நான் டீ கிளாஸோடு நின்றேன். வாயைத் திறக்காதது மட்டும் இல்லை. பாண்டிமுருகன் என் முகத்தைப் பார்த்தபோது, ஆமாம் என்கிற மாதிரி தலையையும் ஆட்டினேன்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. வரத்துக் காலில் பாய் இல்லை. தை மாதம் என் டிவிஎஸ் பஞ்சராகி அவர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டியூப் வால்பின் போடுகிற தகர டப்பாவில் என் சிவப்புத் தக்கை கிடந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒட்டி முடித்து, "காத்து சரியா இருக்கா பாருங்க" என்றார். இருபது வருஷத்தில் என்னை அவர் 'பாருங்க' என்று சொன்னதில்லை.

தண்ணீர் வருவதற்கு முன்பே அதை வேரிலிருந்து எடுத்திருக்கிறார். டீக்கடையில் என்னைப் பார்த்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அதே டீக்கடையில், அம்பலம் முன்னால் சொன்னேன். "மடைக்குழி விராலை எடுத்தது நான்தேன்." ஊருக்குப் பதில் சொல்லத் தயாராகத்தான் போனேன். பாண்டிமுருகன் சிரித்தான். "அட, ரெண்டு மீனுக்கா ஆசாரி இம்புட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீக? ருசி எப்படி, அதச் சொல்லுங்க." அம்பலமும் சிரித்தார். அதோடு பேச்சு உழவுக்குப் போய்விட்டது.

நேரே பாய் கடைக்குப் போனேன். டியூபைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் பாய்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாக."

சுரண்டுவதை நிறுத்தினார்.

"என்னையச் சொன்னப்ப ஒருத்தரும் சிரிக்கலையே."

டப்பாவிலிருந்து தக்கையை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு அடுத்த டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே நானும் பார்த்தேன்.