எங்களைக் கண்டதும் நின்ற பாட்டு

செல்வி சிஸ்டர் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் மருந்து ஜன்னலில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். தூக்கத்திலேயே மாரடைப்பாம். வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, "ஐயோ, என் ரெண்டு புள்ளையும் அவங்க கையில பொறந்ததாச்சே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உத்திரமேரூர்ப் பக்கம் இதைப் படிக்கிற உங்களிலும் பலர் அந்தக் கையில் பிறந்தவர்கள்தான்.

எங்கள் சுகாதார நிலையத்தில் பிரசவ அறை அவருடையது. வலியில் கத்துகிற பெண்ணின் இடுப்பைத் தேய்த்தபடி ஒரு ராகத்தை முனகுவார். வார்த்தை இருக்காது. "இன்னா பாட்டுக்கா அது?" என்று கேட்டால், "பாட்டும் இல்ல, கீட்டும் இல்ல. மூச்சு விட்டுக்கினு கீறேன், போம்மா" என்பார்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் கத்திரி, தட்டு எல்லாம் அவர்தான் துலக்கி வைப்பார். கற்பூரம் ஏற்றும்போது ஆள் இருக்கமாட்டார். "சூடம் காட்டினா போதும், சிஸ்டர் வார்டுல யாருக்காவது வலி எடுத்துடும்" என்று சிரிப்போம். நானும்தான் சிரித்தேன். அரசாங்கக் கட்டடத்துக்குள் எங்கள் சாமிக்கு மட்டும் மாலை போட்டுவிட்டு, ஒதுங்கி நின்றவரைக் கேலி வேறு செய்திருக்கிறோம். என்ன திமிர்!

ஞாயிற்றுக்கிழமைகளில் தன் காலனியின் தகரக் கொட்டகை ஜெபவீட்டுக்குப் போவார். எங்களுக்கெல்லாம் தெரியும். சாதிச் சான்றிதழில் அவர் இந்து, எஸ்.சி. கிறிஸ்தவர் என்று சொன்னால் அந்தச் சான்றிதழ் செல்லாது, சட்டம் அப்படி. வேலையும் போகும், மகளின் படிப்பும் போகும். ஒருமுறை யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டு, தாலுகா ஆபீஸிலிருந்து வந்து வீட்டு அலமாரி வரை பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் எழுதியிருந்த விவரமெல்லாம் எங்களுடன் வேலை பார்ப்பவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். குழாயடியில் கை கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "சாமி மாறிச்சும்மா. தெரு மாறிச்சா? அதே காலனி, அதே டீக்கடைப் பார்வை. இத்த எந்த ஆபீசரு வந்து விசாரிப்பான்?" குடியரசு தினத்தில் மைக் பிடித்து மதச்சார்பின்மை பேசுகிறவள் நான். குழாயை மூடிவிட்டு மருந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

சாவுக்கு ஆஸ்பத்திரி வண்டியில் போனோம். காலனி முனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. அதே ராகம்! இத்தனை வருஷம் முனகலாகக் கேட்டது இன்று வார்த்தையோடு வருகிறதே என்று காதைத் தீட்டினேன். வண்டி தெருவுக்குள் திரும்பியது. அரசாங்க போர்டைப் பார்த்ததும் பாட்டு பட்டென்று நின்றது. ஒரு பெரியவர் கையிலிருந்த புத்தகத்தைத் துண்டுக்குள் மறைத்தார். சிஸ்டரின் மகள் வெண்ணிலா, அந்தச் சான்றிதழில்தான் நர்சிங் படிக்கிறாள், உள்ளே ஓடிக் குங்குமத்தை எடுத்துவந்து அம்மாவின் நெற்றியில் வைத்தாள். அவசரத்தில் மூக்கிலெல்லாம் கொட்டியது.

"பாடுங்கம்மா, எங்களுக்காக நிறுத்தாதீங்க" என்றேன்.

"இன்னா பாட்டு மேடம்? இங்க யாரும் பாடலியே."

வெண்ணிலா என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழ வந்தவளைப் பார்த்து ஒரு சாவு வீடே பயப்படுகிறது. வெட்கக்கேடு!

மாலையைப் போட்டுவிட்டு, கிளம்பலாம் என்றேன். "வந்ததும் கிளம்பினா என்ன நினைப்பாங்க?" என்றார் டாக்டர். "நாம போனாதான் சார் அவங்க பாடுவாங்க" என்றேன்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ராகம்தான். மருந்து எடுக்கும்போது தானாக வாயில் வருகிறது. வார்த்தை தெரியாது, யாரிடம் போய்க் கேட்பேன்? அஞ்சலி என்று எழுத உட்கார்ந்தும் அவர் பெயரையும் மகள் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெண்ணிலாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது.