மதாம் சொலான்ஜ் எழுதாமல் விட்ட கதை

மதாம் சொலான்ஜ் போய்விட்டார்... காலையில் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தார். குவாதலூப்பில், சொந்த வீட்டில், நித்திரையிலேயே.

அந்தக் கரீபியன் தீவிலிருந்து பாரிசுக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். வேலைக்காரப் பெண்களைப் பற்றி நாவல் எழுதி, அவருடைய ஊரில் புத்தகம் போட்ட முதல் பெண் என்று பெயர் எடுத்தவர்.

நாவல் சோறு போடவில்லை. எண்பதுகளில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் என்னோடு ரூம் கிளீனிங்.

இஸ்திரி மேசையில் நின்றபடியே சலவை லிஸ்டின் பின்பக்கத்தில் எழுதுவார். சூப்பர்வைசர் வந்தால் மேலே ஒரு தலையணை உறை விழும்.

என் மீன் குழம்பில் உறைப்புப் போதாது என்று சண்டைக்கு வருவார். லாச்சப்பல் தமிழ்க் கடையில் அவருக்கு மிளகாய்த்தூள் வாங்குவதே எனக்கு ஒரு வேலை.

சம்பள ஸ்ட்ரைக் அன்று வாசலில் மெகாபோனோடு நின்றார். அகதி கேஸ் ரிஜெக்ட் ஆகி, பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் இல்லாமல் இருந்த என்னை மட்டும், பொலிஸ் வந்தால் பிடித்துவிடும் என்று பின்கதவால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு என் கேஸை வாங்கி வாசித்தார். அகதி கார்ட் கிடைத்த வேறொருத்தியின் கதையை அப்படியே கொப்பி அடித்திருந்தேன். அதில் என் புருஷனை இலங்கை ஆமி சுட்டுவிட்டது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மதாம் சிரிக்கவில்லை.

"இதில நீ எங்கை இருக்கிறாய்?"

பிரெஞ்சில்தான் கேட்டார். என் காதில் இன்றும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது.

ரூ பஜோல் தெருவில் அவருடைய அறை. மூன்று மத்தியானம்... சொன்னேன். ஆமி வந்த அன்று, போலியோவால் கால் ஏலாத அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நான் வேலி பாய்ந்து ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா இல்லை. அம்மாவிடம்கூட வேறு கதைதான் சொல்லியிருந்தேன்.

ஒரு சொல் கூட்டாமல் டைப் செய்தார். அப்பீலில் கார்ட் கிடைத்தது.

சில மாதம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார், இதை நாவலாக எழுதட்டுமா என்று.

"வேண்டாம் மதாம். அம்மாக்குத் தெரிஞ்சால் தாங்கமாட்டா."

தன்னிடமிருந்த கார்பன் கொப்பியை எடுத்து என் கையில் தந்துவிட்டார். கோபமில்லை. அன்றைக்கும் குழம்பில் உறைப்புப் போதாது என்றார்.

அதற்குப் பிறகு வந்த அவருடைய ஒவ்வொரு புத்தகத்தையும் பயந்து பயந்துதான் வாசித்தேன். எதிலும் இல்லை. ஒரு வரிகூட...

அம்மா போய் ஆறு வருடமாகிவிட்டது. இனி நானே சொல்கிறேன்.

அக்காவின் பெயர் சரோஜினி. அவளை விட்டுவிட்டு ஓடியது நான்.

போய் வாருங்கள் மதாம்...