ஐரோப்பாவில் அம்மா ஏன் ஒருவர் வீட்டிலும் தங்கவில்லை

எங்கள் அன்னையாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவின் பிறப்பில் தொடங்கி அவருடைய நற்குணங்களை ஒழுங்காகச் சொல்லி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செத்த வீட்டுக்கு வந்த இடத்திலும் என்னை ஓர் ஓரமாக இழுத்துவைத்து, "பிள்ளை, கேக்கிறன் எண்டு குறை நினையாதை. கொம்மா போன வருசம் ஐரோப்பாவுக்குப் போய் மூண்டு மாசம் நிண்டவ. தம்பி வீடு இருக்க, தங்கச்சி வீடு இருக்க, ஏன் ஒரு வாகனத்துக்குள்ள படுத்தவ?" என்று கேட்டவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அவருக்குப் பின்னால் ஒரு தங்கை, அதற்குப் பின் ஒரு தம்பி. எனக்கு அவர்கள் சின்னம்மாவும் மாமாவும். பெற்ற தாய் நோயில் காலமானபோது அம்மா பாடசாலைச் சீருடையில் இருந்த பிள்ளை. அன்றிலிருந்து தங்கைக்குத் தலை பின்னியதும் தம்பிக்குச் சோறு குழைத்துக் கொடுத்ததும் அவர்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபோது, இருவரையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பின்பக்க ஒழுங்கையால் வெளியேறினார். அகதி முகாமாக்கப்பட்ட ஒரு பாடசாலையில் மூவரும் ஒரே பாயில் படுத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி அம்மா நீட்டிக் கதைக்கமாட்டார். "ரெண்டு பேற்ற கையையும் விடேல்லை, அவ்வளவுதான்" என்பார்.

பிறகு தபால் கந்தோரில் வேலை, அப்பாவுடன் திருமணம், வெள்ளவத்தையில் குடித்தனம், நானும் தம்பியும். சின்னம்மாவைப் பிரான்சுக்கும் மாமாவை ஜேர்மனிக்கும் அனுப்பிவைத்தவரும் அம்மாவே. அப்பா கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தவர். ஐரோப்பாவின் துறைமுகங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். துறைமுகத்துக்கு அப்பால் ஒரு ஊரும் தெரியாது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து, "ஒருக்கா உள்ளுக்க போய்ப் பாக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் சின்னம்மாவின் மகளுக்குப் பாரிசில் கலியாணம். தாய்மாமனுக்கு அழைப்பிதழ் வட்ஸ்அப்பில் போனது. ஒரு படம், அதன் கீழே கும்பிடும் கை இரண்டு. கலியாண வேலைக்குள் ஓடித்திரிந்த சின்னம்மா அது போதும் என்று நினைத்துவிட்டார். மாமாவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. நேரே வந்து, தட்டம் வைத்து, "தம்பி, நீதான் முன்னுக்கு நிண்டு நடத்தவேணும்" என்று கூப்பிட வேண்டிய ஆளுக்குப் படமா? அவர் போகவில்லை. தாய்மாமன் இல்லாமல் மகள் மணவறையில் இருந்ததைச் சின்னம்மா மன்னிக்கவில்லை. "இனி அவவின்ர வாசல் மிதிக்க மாட்டன்" என்றார் மாமா. "வந்தாலும் கதவு திறக்க மாட்டன்" என்றார் சின்னம்மா. இரண்டு பேரும் அம்மாவின் தொலைபேசியில்தான் இதைச் சொன்னார்கள். நடுவில் நின்று அம்மா இரண்டு பேச்சையும் வாங்கினார். தபால் கந்தோரில் உழைத்த மனுசி அல்லவா, "முத்திரை ஒட்டி அனுப்பியிருந்தாலாவது ஒரு மரியாதை" என்று மட்டும் சொல்வார்.

இப்போது விளங்குகிறதா? ஐரோப்பாவுக்குப் போனால் முதலில் யார் வீட்டில் தங்குவது? தம்பி வீட்டில் என்றால் தங்கை முகத்தைத் திருப்புவார். தங்கை வீட்டில் என்றால் தம்பி அழைப்பை எடுக்கமாட்டார். இதற்குப் பயந்தே அம்மா பயணத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசியில் ஹொலண்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் என் தம்பி, நண்பர் ஒருவரிடம் கரவன் வண்டி இருக்கிறது, உள்ளேயே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உண்டு, கோடை முழுவதும் சும்மாதான் நிற்கிறது என்று சொன்னார். அம்மா அன்றே சம்மதித்தார். "அப்ப எனக்கு அங்க ஒரு சொந்த வீடு இருக்கு" என்றார்.

வீடு என்றால் ரொபியும் வரவேண்டும். ரொபி எங்கள் நாய். பாமன்கடைப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு நின்றதை அப்பா தூக்கி வந்தார். இனிப்பு ரொபியின் நிறம், அதுதான் பெயர். அதற்கு ஊசி, இரத்தப் பரிசோதனை, பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. விசா அலுவலகத்தில் அம்மாவிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். ரொபியின் கடதாசிகளுக்குத்தான் அப்பா செருப்புத் தேய நடந்தார். "நாயை என்னட்ட விட்டிட்டுப் போங்கோவன்" என்று நான் கத்தினேன். அம்மா கேட்கவில்லை. ஏன் என்பது அவர்கள் அங்கே போன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நம்மவர் வீட்டில் "உள்ள வாங்கோ, படுங்கோ" என்றால் மறுக்க முடியாது. நாய் இருந்தால் மறுக்கலாம்.

சின்னம்மா வீட்டில் அது நன்றாக வேலை செய்தது. அவர் வீட்டுக்குள் சாமி அறை இருக்கிறது, நாய் வரப்படாது. அம்மா வாசலில் நின்றே சுகம் விசாரித்து, தங்கையைக் கரவனுக்குள் கூப்பிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மாமா வீட்டில்தான் காரியம் கெட்டது. "நாயையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா" என்றார் மாமா. "அதுக்குக் காலில நோ, படி ஏறாது" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, ரொபி பாய்ந்து படியேறி வரவேற்பறைக் கதிரையில் போய்க் குந்திக்கொண்டது. அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியின் சக்கரத்தைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

"சனம் என்ன கதைக்கும் அக்கா? சொந்தத் தமக்கையை ரோட்டில படுக்க விட்டவன் எண்டெல்லோ சொல்லும்" என்று மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா அப்போதுதான் உண்மையைச் சொன்னார். "உன்ர வீட்டில படுத்தா அவள் அழுவாள். அவளின்ர வீட்டில படுத்தா நீ அழுவாய். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ நிக்கிற அண்டைக்கு வந்து படுக்கிறன்."

அப்பாவும் அம்மாவும் அந்த மூன்று மாதமும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள். இதை நான் அழுத்தி எழுத வேண்டும். அப்பா வீதியின் வலப்பக்கத்தால் வண்டி ஓட்டப் பழகும்வரை அம்மா பக்கத்தில் இருந்து, "அப்பா, அங்கால, அங்கால!" என்று கூவியிருக்கிறார். மலை ஏரிக்கரைகளில் வண்டியை நிறுத்தி இடியப்பம் அவித்திருக்கிறார். பக்கத்து வண்டிக்கார டச்சுத் தம்பதிக்குச் சம்பல் கொடுத்து, அவர்கள் கண்ணீரோடு இன்னும் கேட்டதை எனக்குப் பெருமையாகச் சொன்னார். ரொபி பனிமலை ஆற்றுத் தண்ணீரில் காலை வைத்துவிட்டு ஊளையிட்டது. ஒவ்வொரு நாளும் எனக்கு வீடியோ அழைப்பு வரும். அறுபது தாண்டிய இருவரின் முகத்தில் அவ்வளவு குறும்பை நான் முன்பு கண்டதில்லை.

திரும்பி வர ஒரு கிழமை இருக்கும்போது அம்மா தங்கைக்கும் தம்பிக்கும் அழைப்பு எடுத்தார். ஒளித்து எதுவும் செய்யவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. மற்ற ஆளும் வரும். இது அவளின்ர வீடுமில்லை, அவன்ர வீடுமில்லை, என்ர வீடு. வராட்டி கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கவேண்டாம்." இரண்டு பேருக்கும் இதே வாசகம். ஒருவருக்குக் கிட்ட, மற்றவருக்குத் தூரம் என்ற பேச்சு வரக்கூடாது என்று அப்பா வரைபடத்தை வைத்துப் பார்த்து, இரண்டு நாட்டு எல்லையில் ரைன் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினார்.

இருவரும் வந்தார்கள். வெளியே மேசை போட்டிருந்தால் ஒருவர் ஒரு மூலை, மற்றவர் மறு மூலை என்று இருந்திருப்பார்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. கரவனுக்குள் ஒரு சிறு மேசை, இருவர் இருவராக இருக்க இரண்டு வாங்கு. ஒன்றில் அம்மாவும் அப்பாவும் இருந்துவிட்டார்கள். மற்றதில் சின்னம்மாவும் மாமாவும் தோளோடு தோள் முட்டத்தான் இருக்க வேண்டும். அப்பா தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்ததால் வெள்ளவத்தையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தேன்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல். எல்லோரும் தங்கள் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ரொபி மட்டும் மேசைக்குக் கீழே இரண்டு பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. கடைசியில் சின்னம்மா குனிந்து அதனிடம் சொன்னார்: "ரொபி, சிலபேருக்குச் சீனி வருத்தமாம். பிறகேன் ரெண்டாந்தரம் கிழங்கு போடினம் எண்டு கேள்."

மாமா கோப்பையிலிருந்து தலை தூக்கவில்லை. "ஆர் சொன்னது எண்டு கேள், ரொபி."

"ஆர் சொன்னா என்ன? மருந்து ஒழுங்காப் போடுறாரோ எண்டு கேள்."

"போடுறன் எண்டு சொல்லு."

"நேரே கதையுங்கோவன், வாயில என்ன கொழுக்கட்டையோ!" என்று நான் இங்கிருந்து கத்திவிட்டேன். அம்மா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மழைச் சத்தம், கரண்டிச் சத்தம். பிறகு மாமாவின் குரல்: "ரொபி... அவவின்ர மகளுக்குக் குழந்தை கிடைச்சதாம். ஆரைப் போலயாம்?"

பின்பு சின்னம்மா சொன்னார்: "மூக்கு மாமான்ர மூக்கு எண்டு சொல்லு."

அன்று பொழுதுபடும்வரை இருந்தார்கள். ஒரு வார்த்தைகூட நேரே பேசவில்லை. போகும்போதும் நாய்க்குத்தான் போய்வருகிறேன் சொன்னார்கள். எனக்குச் சரியான ஆத்திரம். "இவ்வளவு தூரம் போய் என்ன கண்டியள்?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா சந்தோஷமாகவே இருந்தார். "நாய்க்குச் சொன்னாலும் அவளுக்கு அவன்ர வருத்தம் தெரியும்தானே. மிச்சத்தை மெல்ல மெல்லக் கதைப்பினம்" என்றார்.

அந்த மிச்சத்தைப் பார்க்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த முறை ஒஸ்திரியா என்று அப்பாவோடு திட்டம் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு காலைப்பொழுதில் தேநீர் குடித்துவிட்டு, ரொபியை நடத்திக்கொண்டு போகக் கழுத்துப்பட்டியைக் கையில் எடுத்தபடி கதிரையில் இருந்தார். எழவில்லை. நோய் என்று கிடந்து ஒருவருக்கும் பாரமாகவும் இருக்கவில்லை. அப்பா பக்கத்திலேயே இருந்தார்.

அந்த நேரம் முதல் ஓடிவந்து நின்ற எங்கள் தொடர்மாடி அயலவர்கள், உடன் வந்து பார்த்த வைத்தியர், அம்மாவோடு தபால் கந்தோரில் வேலை செய்த தோழியர், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து செத்த வீட்டின் இரண்டு நாளும் அடுப்படியைப் பொறுப்பெடுத்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், கிரியைகளை நடத்திய குருக்கள், தொலைவிலிருந்து அழுதவர்கள் அனைவருக்கும் அப்பாவும் நாங்களும் நன்றியுடையோம். ஒருவரின் உதவியையும் மறக்கமாட்டோம்.

சின்னம்மாவும் மாமாவும் இப்போது வெள்ளவத்தை வீட்டில்தான் நிற்கிறார்கள். இக்கட்டுரையை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். "எழுது" என்றார் மாமா. "எழுது, ஆனா அந்த வட்ஸ்அப் கதையை விடு" என்றார் சின்னம்மா. விடவில்லை; மன்னிக்கவும். இதை எழுதும்போது சொதிக்குப் புளி விடுவதா தேசிக்காய் பிழிவதா என்று இருவரும் அடுப்படியில் சண்டை பிடிக்கிறார்கள். நேருக்கு நேரேதான்.

இவர்களுக்கு நான் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். அம்மா கண் மூடிய காலையில், என் தம்பிக்குச் சொன்ன கையோடு மாமாவுக்குத்தான் எடுத்தேன். அழுது முடித்துவிட்டு அவர் கேட்டது: "சின்னக்காவுக்குச் சொல்லிப்போட்டியோ?" இல்லை என்றேன். "சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை. அவ தனிய நிண்டு ரெலிபோனில கேக்கக் கூடாது. நான் போறன்" என்றார். அப்பா தலையாட்டினார். மாமா காரில் எல்லை தாண்டிப் பாரிசுக்குப் போய்ச் சேரும்வரை நாங்கள் ஐரோப்பாவில் வேறொருவருக்கும் அறிவிக்கவில்லை. செய்தி பிந்திக் கிடைத்ததென்று குறைப்பட்ட உறவினர்கள் இதை வாசித்து எங்களைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

மிகுதி சின்னம்மா என்னிடம் சொன்னது.

"மணி அடிச்சுது. கதவு ஓட்டையால பாத்தன். தம்பி. என்ர வாசல் மிதியன் எண்டு சத்தியம் பண்ணினவன் வந்து நிக்கிறான் எண்டா, அக்கா இல்லை எண்டுதானே? அவன் வாயே திறக்கேல்லை, எனக்கு விளங்கீற்று. கதவைத் திறந்து, 'உள்ள வாடா' எண்டு சொல்லி அவன்ர கையைப் பிடிச்சனான்."