ஸ்டெல்லா எடுக்காத ஐந்நூற்றுத் தொண்ணூறு

“…நாளைக்கு ஸ்கூல்லேருந்து உங்களுக்குப் போன் பண்ணுவாங்கண்ணா. ஸ்டெல்லா கை சுத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற எதுவும் நான் கேக்கல.”

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா என் கடையில் ஒரு ரூபாய்கூடத் திருடியதில்லை. அது எனக்கு ஏழு மாதங்களாகத் தெரியும். தெரிந்தும் அவளைத் திருடி என்ற பெயரோடு நடமாட விட்டிருக்கிறேன்... இதுதான் என் குற்றம். இதற்குமேல் நான் எழுதப்போவதெல்லாம் விளக்கம்; மன்னிப்பு கேட்பதற்கான தகுதி அதில் எங்கும் இல்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, நாற்காலி, பந்தல், இறந்தவரைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டி எல்லாம் உண்டு. எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. மிச்சப் படிப்பை மனிதர்களின் வாயிலிருந்துதான் கற்றேன். யார் நல்ல பேச்சு பேசினாலும் பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைப்பேன். “கல்யாணத்துக்கு வர்றவன் நாற்காலியில அழுக்கு பாக்கறான்; சாவுக்கு வர்றவன் நெழல் எங்க கீதுன்னு பாக்கறான்” என்று என் வண்டி ஓட்டும் கபாலி ஒருநாள் சொன்னான். அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்! பேச்சை அப்படி நேசித்தவன்தான், சொல்லவேண்டிய ஒரே வார்த்தையை விழுங்கினேன்.

ஸ்டெல்லா ஒன்பது ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தவள். ஊரப்பாக்கத்திலிருந்து மின்ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கடைக்கு வருவாள். கடை திறப்பது, பில் எழுதுவது, வசூலை வங்கியில் கட்டுவது எல்லாம் அவள்தான். மாதம் ஒருமுறை வங்கியிலிருந்து கவர் வரும். அதைப் பிரித்து, ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எனக்குப் படித்துச் சொல்லி, கோப்பில் குத்தி வைப்பாள்.

ஒரு ஆடி மாதம். கல்யாணமே இல்லாத மாதம். ஃப்ரீசர் பெட்டி வாங்கிய கடனுக்குத் தவணை கட்டக் கணக்கில் பணம் போதவில்லை. வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் இனிக்க இனிக்கப் பேசினாள். “ஓவர்டிராஃப்ட் போட்டுக்கோங்க சார். உங்க கணக்குல பணம் இல்லன்னாலும் நாங்களே போட்டுக் கட்டிடுவோம்.” நாலைந்து தாள்களை நீட்டினாள். அதில் ஒன்றைக் காட்டி, “இனிமே பேப்பர் வேணாம்ல சார்? எல்லாம் மெயில்லயே வந்துடும். உங்ககிட்ட மெயில் ஐடி இருக்கா?” என்றாள்.

இருக்கா என்றா கேட்டாள்! என் கடைப் பலகையில் அரையடி உயர எழுத்தில் இருக்கிறதே மெயில் ஐடி! ஃப்ளெக்ஸ் அடிக்கும் பாபு, “இது இல்லாம போர்டே நிக்காதுண்ணே” என்று அவனே உண்டாக்கி, அவனே அச்சடித்துக் கொடுத்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படிக்கலாம். ஆனால் அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்கோ அப்படி ஒன்று பலகைக்கு வெளியே உயிரோடு இருப்பதே தெரியாது. நான் பெருமையாக எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டதை ஸ்டெல்லாவிடம் சொல்லவுமில்லை.

அன்றோடு கவர் நின்றது.

“பேங்க் கவர் வரலியேண்ணா, போய்க் கேட்டுட்டு வரட்டுமா?” என்றாள் ஸ்டெல்லா இரண்டொரு மாதம் கழித்து. அதற்குள், ஏ.டி.எம்.மில் காட்டும் இருப்பு என் மனக்கணக்கைவிடக் குறையத் தொடங்கியிருந்தது. ஒரு மாதம் ஐந்நூறு சொச்சம். மறு மாதம் ஆயிரத்துக்கும் மேல். பணம் குறைகிறது, கவரும் வரவில்லை... முதலில் கடை திறப்பவள் யார்? தபாலைக் கையில் வாங்குபவள் யார்? கேட்டுவிட்டு வருகிறேன் என்று முந்திக்கொள்பவள் யார்? எல்லாம் பொருந்துகிறதே என்று நினைத்தேன். தனக்குப் பொருந்தாததை எந்தச் சந்தேகம்தான் கண்ணில் காட்டியிருக்கிறது?

போனில் செய்தி வந்திருக்குமே என்பீர்கள். வந்தது. வங்கிப் பெயரில் வரும் செய்தியைத் தொட்டால் கணக்கே காலியாகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், பிரிக்காமலே அழித்தேன். மோசடிக்காரனுக்குப் பயந்து உண்மையை அழித்துக்கொண்டிருந்தேன்... தினமும்!

நேராக வங்கியில் கேட்டிருக்கலாமே? கேட்டேன். “எல்லாம் மெயில்ல அனுப்பியிருக்கோமே சார், பாக்கலியா?” என்றாள் அதே பெண். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மெயிலைத் திறக்கத் தெரியாது என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல நாக்கு எழவில்லை. “பாத்தேன், பாத்தேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு கணத்து வெட்கத்துக்கு ஒரு பெண்ணின் பெயரை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு வேவு பார்க்க ஆரம்பித்தேன். அவள் கட்டிவந்த ரசீதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இவ்வளவு சரியாக இருப்பதே தப்பாயிற்றே என்று தோன்றியது! அவள் புதுச் செருப்பு போட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராவது மாதம், கபாலி வண்டியில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவன் எதிரிலேயே கேட்டுவிட்டேன். “மாசாமாசம் பணம் குறையுது. கவரும் காணாமப் போகுது. யார் கைன்னு எனக்குத் தெரியாதா ஸ்டெல்லா?”

“என்னைத்தான் சொல்றீங்களாண்ணா?”

“வேற யாரு இருக்கா இங்க?”

அவள் அழவில்லை. சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். போனாள். அந்த மாதச் சம்பளத்தை அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

“இன்னாண்ணே பேசிட்ட நீ! மீதி ரெண்டு ரூபாகூட வெச்சுக்காம திருப்பிக் குட்த்துடுமே அது. உனுக்கு வாய் கீதுன்னு இன்னா வேணா பேசுவியா?” என்றான் கபாலி. உனக்கும் பங்கு உண்டா என்று அவனையும் ஒரு பார்வை பார்த்தேன். தெருவில் நாலு பேர் கேட்டார்கள், “ஸ்டெல்லாவக் காணோமே?” நாலு பேரிடமும் என் அழகான பேச்சில் விவரித்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பலகைக்காகப் பாபுவிடம் போனேன். பழைய டிசைனை எடுக்க என் மெயிலைத் திறந்தவன், கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தான். “இன்னாண்ணே, பேங்க்காரன் லெட்டர் லெட்டரா போட்டுக்கினு கீறான்! நீ ஒண்ணுகூட தொறக்கல?”

எல்லாவற்றையும் அச்செடுக்கச் சொன்னேன். தவணை நாளில் பணம் போதாதபோதெல்லாம் வங்கி தன் பணத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறது. அனுமதித்த அளவைத் தாண்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஐந்நூறு கட்டணம், தொண்ணூறு வரி. அதற்குமேல் வட்டி. ஐந்நூற்றுத் தொண்ணூறு... ஐந்நூற்றுத் தொண்ணூறு... பதினோரு மாதமும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லா கட்டிய பணம் ஒரு பைசா குறையாமல் பக்கத்துப் பத்தியில் இருந்தது.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வங்கியில் சண்டை போட்டேன். இரண்டு கட்டணத்தைத் திருப்பிப் போட்டார்கள். பார்த்தீர்களா? என் பணத்துக்கு வாய் திறந்தது. அவள் பெயருக்குத் திறக்கவில்லை. தாள்களை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

போன மாதம் ஸ்டெல்லா வந்தாள். ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டணம் வாங்கும் வேலையாம். பழைய இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். முதலில் எழுதினேனே, அந்தப் பேச்சை அன்றுதான் பேசினாள்.

என் முழங்கால் அந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது. திறந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் கையில் ஏன் போனைப் பிடித்திருக்கிறாள், பதிவு செய்கிறாளா? பாபு ஏதாவது சொல்லியிருப்பானா? தெரிந்துகொண்டே என் வாயைக் கிளற வந்திருக்கிறாளா? அப்போதும் சந்தேகம்... அப்போதும் அவள்மேல்!

“யோசிச்சுச் சொல்றேம்மா” என்றேன்.

மறுநாள் போன் வந்தது. மூன்று தடவை அடித்தது, நான் எடுக்கவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

ஆனால் அவள் வந்த அன்றே, நான் யோசிக்கிறேன் என்று சொன்ன அந்த நிமிடத்தில், ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவருடைய அம்மா இறந்துவிட்டார். ஃப்ரீசர் பெட்டி வேண்டும். பில் புத்தகத்தை இழுத்தேன். ஸ்டெல்லா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “சார், முதல்ல உக்காந்து தண்ணி குடிங்க. எந்தத் தெரு? மாடியா, கீழயா?” என்று கேட்டு எழுதினாள். முன்பணத்தை வாங்கி, ரசீது கிழித்துக் கொடுத்து, அவரை அனுப்பிவைத்தாள்.

பிறகு அந்த நோட்டுகளை என் முன்னால் வைத்தாள். “எண்ணிக்கோங்கண்ணா” என்றாள்.

நான் எண்ணினேன்! ஐயோ... நிஜமாகவே எண்ணினேன்.

நான் எண்ணி முடிக்கும்வரை அவள் நின்றாள். அப்புறம் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். ரயில் பாஸ், சீப்பு, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா எல்லாம் விழுந்தன. பையின் உள்துணியை வெளியே இழுத்து, உதறி, என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, தாம்பரம் பஸ்ஸுக்குப் போனாள்.