ஈசானிய மூலையில் விழுந்த முதல் குத்து

ஐம்பதுகளில் ஓசூரில் எங்கள் தெருவில் வீட்டுக்குக் குழாய் இழுத்திருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் என் மாமனார். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் குழாயைத் திறந்து காட்டுவார். ஆனால் குளிப்பதற்கென்று ஓர் அறை கட்ட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. பெண்கள் புழக்கடையில் ஓலைத் தட்டி மறைவில்தான் குளிக்க வேண்டும். ஓசூர்க் காற்றுக்கு அந்தத் தட்டி எம்மாத்திரம்?

நான் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். ஏழாம் மாதம். பிரசவத்துக்கு வேப்பனப்பள்ளியில் என் அம்மா வீட்டுக்குப் போவதற்குள் குளியலறை எழும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் பச்சைக் குழந்தையோடு இந்தக் குளிருக்குத் திரும்பி வரமாட்டேன் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் தன் அப்பாவிடம் எப்படிப் பேசினாரோ, நல்ல நாள் பார்த்துக் கொத்தனாரை வரச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் மாமனார் மருமகளிடம் நேரே பேசுவதில்லை. நான் எதிரிலேயே நின்றாலும், "அவளக் கொஞ்சம் மோர் கொண்டாரச் சொல்லுடா" என்று மகனிடம்தான் சொல்வார். நானும் பதிலைக் கணவரிடமே சொல்வேன். மூன்று வருடமாக இப்படியே ஓடியது. எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று காலை புழக்கடையின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். எந்தக் கட்டடத்துக்கும் முதல் குத்து அங்கேதான் விழ வேண்டும்.

"பேருக்கு லேசாத் தொட்டாப் போதுங்க" என்றார் கொத்தனார். மாமனாருக்கு எதையும் பேருக்குச் செய்து பழக்கமில்லை. கடப்பாரையை ஓங்கி இறக்கினார்.

மண்ணுக்குள் டங்கென்று சத்தம். அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டு அவர் வேட்டி, துண்டு, நெற்றி விபூதி எல்லாவற்றையும் நனைத்தது. பிள்ளையார் கரைந்தே போனார். கொத்தனார் பதற்றத்தில் தமிழை விட்டுத் தன் தெலுங்கிலேயே கத்தினார். தண்ணீர் ஈசானிய மூலை வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று குழாய் பதித்த நாளில் பிடிவாதம் பிடித்தவரே மாமனார்தான். அதைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

கொத்தனார் பழைய சைக்கிள் டியூபை நீளமாக அறுத்து, உடைந்த இடத்தில் இறுக்கிச் சுற்றிக் கயிற்றால் கட்டினார். பீறிட்டது கசிவாகக் குறைந்தது.

மாமனார் தலையைத் துவட்டிக்கொண்டே, "மொதக் குத்துலயே ஒடஞ்சு போச்சு. சகுனம் சரியில்ல. குழிய மூடுங்க. ரூமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். கணவர் குனிந்து தேங்காய் மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். கொத்தனார் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எப்படித் துணிந்தேனோ, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

"மாமா, கெணறு வெட்டறவங்க ஈசானிய மூலையில சாமி கும்புடறது எதுக்கு? தண்ணி வரோணும்னுதானே? நமக்குக் கேக்காமயே வந்துருச்சு. இதப் போயி கெட்ட சகுனம்ங்கறீங்களே!"

கொத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு என் பாடு அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமனார் நனைந்த துண்டைப் பிழிந்தார். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு குழியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"டேய், அவளக் கேளு..." என்று மகனிடம் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"கதவு எந்தப் பக்கம் வெக்கணும்மா?"



"காத்தடிக்காத பக்கம், மாமா" என்றேன்.