கம்பியில்லாத போனும் பூட்டக்கா மேல் விழுந்த பழியும்

எங்கள் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் பூட்டுப் போட்ட மாதிரி, அது அத்தோடு சரி. ஒருமுறை எங்கள் நாத்தனார் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. அவரும் வந்து இவளிடம் கொட்டிவிட்டுப் போனார், அவளும் வந்து கொட்டிவிட்டுப் போனாள். ஒருவர் வந்துபோனது மற்றவருக்குத் தெரியாது. தலைக்கு மேலேயே குடியிருந்த எனக்கும் தெரியாது. பூட்டக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். "அவளுக்கும் சேத்து நானே பேசிடறேன், கணக்கு சரியாப் போச்சு" என்று சொல்லிக்கொள்வார்.

அவள் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்த்தாள். கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் தெருவில், தரைத்தளத்தில் இரண்டே அறை. முன்னறையில் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், சத்தம் போடுகிற மின்விசிறி, கண்ணாடி போட்ட மேசை. பிள்ளை வேண்டி வருகிறவர்கள், பிள்ளை வேண்டாமென்று வருகிறவர்கள், யாருக்கும் தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லோரும் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பூட்டக்கா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். டோக்கன் எண்ணைச் சொல்லி, கண்ணால் ஜாடை காட்டுவாள். பரிசோதனை முடிவு வந்தால் உறையைக் கவிழ்த்துத்தான் வைப்பாள். கூட வந்த மாமியார் யாராவது மெல்ல நெருங்கி டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், நன்றாகத் தூங்கச் சொன்னார் என்பாள். எந்த நோய்க்கும் அதே பதில்தான்.

அங்கே போன் அவள் மேசை மேல் இருந்தது. முக்கியமான அழைப்பு வந்தால் டாக்டர் உள்ளேயிருந்து எழுந்து வந்து, காத்திருக்கும் பெண்கள் அத்தனை பேர் காதுக்கும் நடுவில் நின்று பேச வேண்டியிருந்தது. இது தப்பு என்று பூட்டக்காவே பலமுறை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் கம்பியில்லாத போன் வாங்கினார்கள். கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், இனிமேல் அந்தப் பெண்கள் நிம்மதியாகப் பேசலாம் என்று அவள் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த போனை வாங்கினார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கிளினிக்குக்கு வங்கியில் காசாளராக இருந்த ஒரு பெண் வருவாள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. கடைசியில் கணவருக்கும் பரிசோதனை செய்து பார்த்தார்கள். குறை அவரிடம்தான் என்று தெரிந்தது. அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு மாலை டாக்டருக்கு போன் செய்து, குறை தன்னிடமே இருப்பதாக இருக்கட்டும், அவருடைய வீட்டில் யார் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுங்கள், அவர் ரோஷக்காரர், தாங்க மாட்டார் என்று கெஞ்சினாள். பூட்டக்கா போனை எடுத்தாள், குரலை அடையாளம் கண்டுகொண்டாள், டாக்டர் கையில் கொடுத்தாள். டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சில வாரங்களில் அது வெளியே வந்துவிட்டது. அந்தக் கணவர் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தார். கடைக்கு வந்த யாரோ ஒருவன் இளித்துக்கொண்டே அவரிடம் குத்தலாகக் கேட்டிருக்கிறான். பெண்டாட்டிதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள் என்று அவர் முடிவு கட்டினார். பையை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவளுக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

காசாளர் நேரே கிளினிக்குக்கு வந்தாள். நாற்காலி நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த விஷயம் தனக்கும் கணவருக்கும் அடுத்தபடி இந்த இடத்துக்குத்தான் தெரியும், இங்கிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் திரும்பி பூட்டக்காவைப் பார்த்தார்.

"போனை எடுத்தது நீங்கதானே?"

"எடுத்தேன். உங்க கையில குடுத்தேன். அவ்வளவுதான் டாக்டர்."

"கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. அப்புறம் பாக்கலாம்."

அவ்வளவுதான். நடந்தது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவளை நாற்காலியைத் தள்ளிப் போடுவதுபோல் தள்ளிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அடுத்த வாரமே புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் ஆளை மாற்றியாகிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று சொன்னார்கள்.

அவள் கணவர் வேனை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே போய்க் கேட்கிறேன் என்று குதித்தார். இவள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். விஷயம் என்ன என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். "அது அந்தப் பொண்ணோட விஷயம்" என்பாள். தன் மேல் பழி விழுந்த பிறகும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட, அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தக் கதை கடைசியில் காய்கறிக் கடையில்தான் தெரிந்தது. அதைச் சொன்னவளே, "உங்க ஓரகத்திதானே எல்லாத்துக்கும் காரணம்?" என்றும் கேட்டாள். பூட்டக்கா வந்தால் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றுபோனது. குனிந்த தலையோடு போய்க் குனிந்த தலையோடு வந்தாள். இளைத்தும் போனாள்.

அந்தச் சமயத்தில் வேனிலிருந்த டேப் ரெக்கார்டர் ரிப்பேராகிவிட்டது. கிளினிக்குக்குப் பின் தெருவில் இருக்கும் ரேடியோ கடையில் கொடுத்திருந்தார்கள். ஒரு மாலை அதை வாங்கிவரப் பூட்டக்கா போனாள். சின்னக் கடை. ஈயம் உருகிய வாசனை, பிரித்துப்போட்ட பெட்டிகள், டீ கிளாஸ்கள். ரேடியோ கடைக்காரரோடு எதிர்க் கடைத் தையல்காரரும், ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீள ஏரியல் வைத்த ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த எண்கள் சட்டென்று நின்றன. ஒரு பெண்ணின் குரல் தயங்கித் தயங்கித் தன் உதிரப்போக்கைப் பற்றிச் சொன்னது. இன்னொரு குரல் இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாள் வரச் சொன்னது. இது யார் வீட்டு மருமகளாக இருக்கும் என்று தையல்காரர் யோசித்தார். மூவரும் சிரித்தார்கள்.

ஏதோ வானொலி நாடகம் என்றுதான் பூட்டக்கா முதலில் நினைத்தாளாம். பிறகு அந்த இரண்டாவது குரல் டாக்டருடையது என்று உறைத்தது.

என்ன பெட்டி இது என்று அமைதியாகக் கேட்டாள். கடைக்காரர் பெருமையாக விளக்கினார். கம்பியில்லாத போனில் கீழே வைக்கிற பெட்டியும் கையில் எடுக்கிற போனும் ரேடியோ மூலமாகத்தான் பேசிக்கொள்ளும். கதவைச் சாத்தினாலும் அந்த அலை சுவரைத் தாண்டி வெளியே வரும். இந்தப் பெட்டி ஸ்கேனர். ஒவ்வோர் அலைவரிசையாகத் துழாவி, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும்.

"டாக்டரம்மா அந்த போன் வாங்குனதுல இருந்து எங்களுக்கு நல்லாப் பொழுது போகுதுக்கா" என்றார்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சும்மா இருந்திருக்கலாம். அவர் உற்சாகமாகி, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை வந்தது பாருங்கள் என்று ஆரம்பித்து, தன் வாயாலேயே அதை முழுக்கச் சொன்னார். வேறு யாருக்கும் சொல்லாமல் தான் நெஞ்சுக்குள் வைத்திருந்த விஷயத்தை, டீ குடித்துக்கொண்டே ஓர் ஆள் சிரிப்பாய்ச் சிரித்துச் சொல்வதை அவள் நின்று கேட்டாள். டேப் ரெக்கார்டரை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கடையில் நடந்ததை என்னிடம் சொன்னாள்.

நான் அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர், என்ன திருடு போனது என்று கேட்டார். பொருள் எதுவும் போகவில்லை, யாரும் வீடு புகவில்லை, பிறகு என்ன புகார் என்றார். போனது ஒரு பெண்ணின் குடும்பமும் இன்னொருத்தியின் பேரும் என்று நான் சொன்னேன். அதெல்லாம் இந்தப் பிரிவில் வராது என்றார். கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. வேலையைத் திரும்ப வாங்கப் பூட்டக்கா ஏதோ கதை கட்டுகிறாள் என்று புதிய பெண்ணிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பூட்டக்கா வங்கிக்குப் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் காசாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னை நம்ப வேண்டாம்மா. உன் காதை நம்பு. சாயங்காலம் பேட்டரி வாங்கற மாதிரி பின் தெரு ரேடியோ கடையில வந்து நில்லு. அது போதும்" என்றாள் பூட்டக்கா.

வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. வந்தாள். அவள் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டு, நாங்கள் இருவரும் தெருமுனை டெலிபோன் பூத்துக்குள் புகுந்தோம். பூட்டக்கா கிளினிக்குக்கு போன் செய்து, அவசரம், டாக்டரிடம் கொடு என்றாள். குரல் நடுங்கவில்லை.

"டாக்டர், போனை வெச்சுடாதீங்க. நான்தான் பேசறேன். இப்ப நாம பேசறது பின் தெரு ரேடியோ கடையில கேட்டுக்கிட்டு இருக்கு. உங்ககிட்ட பேசுன அத்தனை பொம்பளைங்க பேச்சும் அங்க கேட்டிருக்கு. தையல்காரரே, கேக்குதா? இன்ஷூரன்ஸ் அண்ணே, நீங்களும் இருப்பீங்க. உங்க பக்கத்துல ஒரு பொண்ணு பேட்டரி வாங்க நிக்கறா, அவ மூஞ்சியத் திரும்பிப் பாருங்க. அவ கதையைத்தான் நீங்க டீயோட சேத்துக் குடிச்சீங்க."

கடைக்குள் நடந்ததைக் காசாளர் பிறகு சொன்னாள். பெட்டியிலிருந்து பூட்டக்காவின் குரல் வந்ததும் மூன்று பேருக்கும் முகம் வெளுத்துவிட்டதாம். கடைக்காரர் அதை அணைக்கக் கையை நீட்டினார். காசாளர் குறுக்கே கையை வைத்துத் தடுத்து, இவ்வளவு நாள் கேட்டீர்கள், இதையும் கேளுங்கள் என்றாள். என்ன சொல்கிறீர்கள், என்ன சொல்கிறீர்கள் என்று டாக்டரின் குரல் பெட்டிக்குள்ளிருந்து பதறியது. பிறகு போன் வைக்கிற சத்தம். கடைக்காரர் அப்போதும் விடவில்லை. தான் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை, காற்றில் வந்ததைக் கேட்டது ஒரு குற்றமா என்றார்.

"நான் காத்துகிட்ட பேசலே. என் டாக்டர்கிட்ட பேசுனேன்" என்றாள் அவள்.

வெளியே வந்து பூத் வாசலில் பூட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே அழுதாள். கேட்காமல் குற்றம் சாட்டியவர்களில் கொஞ்சமாவது வெட்கப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் இரண்டு நாள் கழித்துக் காரில் வீடு தேடி வந்தார். பழைய போனையே திரும்ப வைத்தாயிற்று, நாளையே வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார், ஏதோ இவள் லீவில் போயிருந்ததுபோல. பூட்டக்கா இரண்டு விஷயம் கேட்டாள். ஆளை மாற்றிவிட்டோம் என்று யார் யாரிடம் சொன்னார்களோ, அவர்களிடம் அது பொய் என்று சொல்ல வேண்டும். அந்த போனில் பேசிய பெண்களிடம், உங்கள் பேச்சு வெளியே கேட்டிருக்கலாம் என்று சொல்லி எச்சரிக்க வேண்டும்.

டாக்டர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "அப்படிச் சொன்னா கிளினிக் பேரு கெட்டுடும், புரிஞ்சுக்குங்க" என்றார்.

"என் பேரு கெட்டப்ப இப்படி யாரும் யோசிக்கலையே டாக்டர்."

வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கார் போன பிறகு, அவள் கணவர் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியாத காப்பி. அவள் குடித்தாள்.

டாக்டர் செய்ய மாட்டேன் என்றதை அவளே செய்தாள். நினைவிலிருந்த ஒவ்வொரு பெண்ணையும் தேடிப் போனாள். ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, வாசலிலேயே நின்று, கிளினிக்குக்கு போனில் பேசியதை வெளியாள் கேட்டிருக்கலாம், ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவுமில்லை, தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவுமில்லை. ஒருத்தி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். ஒருத்தி இவளையே திட்டினாள். இன்னொருத்தி, எப்படித் தன் மாமியாருக்குத் தெரிந்தது என்று இத்தனை நாள் புரியவில்லை என்று சொல்லி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

ரேடியோ கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. பெட்டி மட்டும் வெளியே தெரிவதில்லை. இப்போது கடைக்காரர் கம்பியில்லாத போன்களும் விற்கிறார். யாருக்கும் ஒரு தண்டனையும் இல்லை. தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பதை எங்கள் தெருப் பெண்கள் நிறுத்தியதுதான் நடந்த ஒரே நியாயம்.

காசாளரின் கணவர் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இப்பவும் வீட்டுல போன் அடிச்சா என் மூஞ்சியப் பாக்கறாருக்கா" என்று அவள் பூட்டக்காவிடம் சொன்னதாக, காசாளரே பிறகு என்னிடம் சொன்னாள். பூட்டக்கா சொல்லவில்லை.

அவள் இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். குழாயடியில் எல்லோரும் பழையபடி அவளிடம் பேசுகிறார்கள். எதுவுமே நடக்காததுபோல் சௌக்கியம் விசாரிக்கிறார்கள். அவளும் சிரித்துப் பதில் சொல்கிறாள். தப்பாப் பேசிட்டேன் என்று அவர்களில் ஒருத்தியாவது வந்து சொல்வாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதுவரை ஒருத்தியும் வரவில்லை.