கேன்டீன் சுவரில் மாட்டிய படம்

என் மகளுக்கு ஒன்பது வயதில் தோள்பட்டை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில், மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. அந்த வரிசையில் எந்த வீட்டுக்கும் மாடி கிடையாது.

நடந்தது வேறு. அவளுடைய அப்பா சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பார்ப்பார். அவள் சத்தமில்லாமல் போய், ஸ்டூலில் ஏறி, பின்னாலிருந்து அவர் கண்களைப் பொத்தினாள். விளையாட்டுக்குத்தான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் எதிர்ச் சுவரோரம் கிடந்தாள். அவர் தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்து, அவை யாருடைய கைகள் என்று தெரியாதவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு ஊர். அங்கே மழையும் இல்லை, வேலையும் இல்லை என்று திருப்பூருக்கு வந்தோம். எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. அவர் இரண்டு இடங்களில் வாட்ச்மேனாகச் சேர்ந்து இரண்டிலும் நிலைக்கவில்லை. கதவு சாத்திய அறையில் அவரால் பத்து நிமிஷம் உட்கார முடியாது. யாராவது வேகமாக ஓடிவந்தால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. அதனால் அவருக்கு ஒன்றுமில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பழகியிருந்தேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை மட்டும் தனியாக அழைத்தார். “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு மிலிட்டரிங்களா?” என்றார். என் கணவர் வெளியே நின்றிருந்த விதத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். முதுகைச் சுவரோடு ஒட்டி, இரண்டு வாசல்களும் கண்ணில் படுகிற மாதிரி நின்றிருந்தார். நர்ஸ் ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். “படிக்கட்டுன்னே எழுதிக்கறனுங்க. ஆனா இந்த நம்பருக்குப் பேசீருங்க” என்றார்.

அப்படித்தான் அந்த டிரஸ்டுக்குப் போனோம். ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து மேஜராக ஓய்வு பெற்ற ஒரு அம்மா அதை நடத்திவந்தார். எல்லோருக்கும் அவர் மேஜர் மேடம். மூடிப்போன ஒரு தையல் யூனிட்டின் மேல்மாடியை அதன் முதலாளி ஞாயிற்றுக்கிழமை மட்டும் இலவசமாகத் தந்திருந்தார். மிஷின்களைப் பெயர்த்த இடத்தில் தரையில் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னாள் ராணுவத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். கோயம்புத்தூரிலிருந்து மனநல டாக்டர் ஒருவர் மாதம் இரண்டு தடவை வந்து மாத்திரை எழுதுவார். மற்ற ஞாயிறுகளில் பேச்சு மட்டும்தான். கதவைச் சாத்தக் கூடாது என்பது அங்கே முதல் விதி. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இரண்டாவது.

மனைவிமார் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். எங்களோடும் மேஜர் மேடம் அரை மணி நேரம் பேசுவார். கணவர் தூங்கும்போது தொட்டு எழுப்பாதே, கால்மாட்டில் நின்று கூப்பிடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அது எனக்குத் தெரியவந்தது.

என் கணவர் மாறினார், கொஞ்சமாக. மகளின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் அவளிடம், “அப்பாதான் ஒன்னையத் தள்ளிவிட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணல” என்று சொன்னார். அவள், “தெரியும்ப்பா” என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த நன்றியில்தான் டிரஸ்டுக்கு என்னால் ஆனதைச் செய்ய ஆரம்பித்தேன். சனிக்கிழமை மாலை ஒவ்வொருவருக்கும் போன் செய்து நாளைக்கு வந்துவிடுங்கள் என்று நினைவூட்டுவேன்.

எங்கள் கம்பெனி மெயின் கேட்டில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். பொங்கலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், நரைத்த மீசை, தினமும் கஞ்சி போட்ட சட்டை. சாயங்காலம் பெண்களின் பைகளைச் சோதிக்கும்போது, “மன்னிச்சுக்கோங்க அம்மணி” என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் தொடுவார். ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்களின் கார் உள்ளே வரும்போது அவர் அடிக்கிற சல்யூட்டைப் பார்க்கவே நாங்கள் ஜன்னலுக்குப் போவோம்.

ஒரு நாள் நான் பெர்மிஷன் போட்டுவிட்டு கேட்டுக்கு வந்தபோது, அயர்னிங் பகுதி பாய்லரில் ஆவி திடீரென்று பீறிட்டுச் சத்தம் எழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். மேஜைக்கு அடியில் முழங்காலை மடக்கித் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார். “பேனா விழுந்துருச்சுங்க அம்மணி” என்றார். பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது.

இதே மாதிரிச் சமாளிப்புகளை நான் வீட்டில் நிறையக் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அவரிடம் டிரஸ்டைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். “எனக்கென்னுங்க, பைத்தியமா புடிச்சிருக்குது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் கணவரைப் பற்றிச் சொன்னேன். மகளுடைய தோள்பட்டையைப் பற்றியும் சொன்னேன். வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வெகுநேரம் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, “எத்தனை மணிக்குங்க?” என்று கேட்டார்.

ஞாயிறுதோறும் வந்தார். முதல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லையாம். நான்காவது வாரம் பேசினார் என்று மட்டும் என் கணவர் சொன்னார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அன்று செக்யூரிட்டி அண்ணன் வெளியே வந்து வராந்தாக் குழாயில் முகம் கழுவியதைப் பார்த்தேன். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய மனைவியும் வர ஆரம்பித்தார். தோட்டத்து முருங்கைக்காயும் தக்காளியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் பங்கு போடுவார். “இப்பத்தானுங்க அவரு ஊட்டுக்குள்ள படுக்கறாரு” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனி எச்.ஆர். அம்மா, நல்ல காரியம் எதற்காவது உதவ வேண்டும் என்று முதலாளி விரும்புவதாகச் சொன்னார். நான்தான் டிரஸ்டைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அதில் பெருமையும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு செக்கிங்காரி சொல்லி முதலாளி கேட்டார் என்கிற பெருமை.

ஒரு ஞாயிறு கம்பெனி வேன் வந்தது. எல்லோருக்கும் மதியச் சாப்பாடு, ஆளுக்கொரு டீ-ஷர்ட், ஆறு மாதத்துக்கு டாக்டர் வந்துபோகிற செலவு. கடைசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மேஜர் மேடம் தயங்கினார். சாப்பாடு போட்டவர்களிடம் எப்படி முடியாது என்பது என்று அவருக்கும் கூச்சம். எல்லோரும் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். செக்யூரிட்டி அண்ணன் ஓரமாகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“அண்ணே, முன்னாடி வாங்கண்ணே. ஒங்க உயரத்துக்கு நடுவுல நின்னாத்தான் நல்லாருக்கும்” என்று நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து என் காதருகே கேட்டார். “இது வெளிய எங்கியும் வராதுங்களே அம்மணி?”

“வராதுண்ணே” என்றேன்.

எனக்கு அது தெரியாது. யாரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. அந்த நிமிஷம் படம் நன்றாக அமைய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. அவர் நடுவில் வந்து நின்றார்.

இரண்டு வாரம் கழித்து பையர் வருகிறார்கள் என்று கம்பெனியைக் கழுவித் துடைத்தார்கள். அன்று காலை டீ பிரேக்கில் கேன்டீனுக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். மேலே கம்பெனி பெயர். அதற்குக் கீழே, ‘முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மனநலச் சிகிச்சை உதவி’. நடுவில் அவர், எல்லோரையும்விட உயரமாக.

டெய்லர்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நம்ம கேட்டுத் தாத்தாடா” என்று ஒருவன் சொன்னான். “அப்ப மெண்டலா அவரு?” என்றாள் ஒருத்தி. அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மதியத்துக்குள் மூன்று தளத்துக்கும் செய்தி பரவிவிட்டது. சாயங்காலம் பை சோதனையில் என் முன்னால் நின்ற பெண் பையை அவர் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் எப்போதும்போல மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பையைத் திறந்தார். என் முறை வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் எச்.ஆர். அம்மாவிடம் போனேன். அவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

“நல்ல விசயந்தானுங்க, எதுக்கு மறைக்கோணும்? பையரெல்லாம் ரொம்ப சந்தோசப்பட்டாங்க.”

“அவருகிட்ட வெளிய வராதுன்னு சொல்லித்தான் மேடம் நிக்க வச்சேன்.”

“அது எனக்குத் தெரியாதுங்களே. நீங்க சொல்லியிருக்கோணும்” என்றார். அது உண்மைதான். பிறகு கொஞ்சம் தயங்கி, “லேடீஸ் நெறையப் பேரு வந்து பயமா இருக்குதுன்னு சொல்றாங்க. அதனால அவர வேஸ்ட் குடோனுக்கு மாத்தறோமுங்க. சம்பளம் அதேதான். அவரோட நல்லதுக்குத்தானுங்க, அங்க சத்தமே இருக்காது” என்றார்.

வேஸ்ட் குடோன் என்பது வெட்டி மிச்சமான துணிகளை மூட்டை கட்டிப் போடுகிற இடம், கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. மூன்று பக்கமும் கூரை வரைக்கும் மூட்டைகள். மூடிய இடத்தில் இருக்க முடியாது என்பதற்காகத்தான் அவரைப் போன்றவர்களுக்கு டிரஸ்டில் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அதை எச்.ஆர். அம்மாவிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் இன்னும் என்ன செய்வார்களோ என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்குப் போனேன். அவர் உள்ளே இல்லை. வெளியே வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“அண்ணே, மன்னிச்சுருங்கண்ணே. நான் கேக்காமச் சொல்லிட்டேன்.”

அவர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். பெண்களிடம் உட்கார்ந்தபடி பேச மாட்டார்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அந்தத் தூணுக்குப் பின்னாலயே நின்னிருப்பனுங்க அம்மணி” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

அந்த மாதச் சம்பளம் வாங்கியதோடு வேலையை விட்டுவிட்டார். ஃபிளெக்ஸை அதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள். பையர் போன பிறகு அது அங்கே தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. சனிக்கிழமை என் போனை அவர் எடுக்கவில்லை. படத்தில் இருந்த இன்னும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். மேஜர் மேடம் கம்பெனியின் உதவி இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. “தப்பு என்னுது. கேமராவ உள்ள விட்டது நான்” என்றார். செலவுக்குப் பணம் போதாமல் இப்போது டாக்டர் மாதம் ஒரு தடவைதான் வருகிறார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் செக்யூரிட்டி அண்ணனின் மனைவி போன் செய்து அழுதார். “மறுபடியும் ஊட்டுக்குள்ள வாரதில்லீங்க. மோட்டார் ரூமுக்கு வெளியதான் கெடக்கறாரு. எங்கிட்டக் கூடப் பேசறதில்லீங்க.” நானும் என் கணவரும் வண்டியில் பொங்கலூருக்குப் போனோம். அவர் வேப்பமரத்தடிக் கட்டிலில் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். மீசையும் தாடியும் ஒன்றாகியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டுவிட்டு, வரப்பில் இறங்கித் தோட்டத்துக்குள் நடந்துவிட்டார். என் கணவர் மட்டும் பின்னால் போனார். நான் அந்த அம்மா கொடுத்த மோரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேஜர் மேடம் பேசி அவரைக் கோயம்புத்தூரில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். திரும்பி வந்தவர் மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டுக்குள் படுக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் டிரஸ்ட் இருக்கிற தெருப்பக்கம் அவர் வருவதில்லை. நான் சனிக்கிழமை போன் செய்கிற வேலையை மேஜர் மேடத்திடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் செய்கிறேன். யாராவது ஏதாவது கேட்டால், விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுகிறேன். சம்பளத்துக்கு வேறு வழியில்லாமல் அதே கம்பெனிக்குத்தான் போகிறேன்.

என் கணவர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பொங்கலூருக்குப் போய்வருகிறார். அவராகவே ஆரம்பித்தார், யாரும் சொல்லவில்லை. போன ஞாயிறும் போயிருந்தார். திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“பேசினாரா?”

“இல்ல. தக்காளிக்குத் தண்ணி பாச்சினோம்.”

“என்னையப் பத்தி எதுவும் கேட்டாரா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “கேக்கல” என்றார். நான் சோறு போட்டேன்.